ஓயாம காய்ச்சலுங்க!

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. வேலைன்னு பொய் சொல்ல மாட்டேன், சோம்பேறித்தனம்தான். இன்னிக்கு ஒத்தை இங்கிலீஷ் வார்த்தையால நான் முழிச்ச கதை.

எங்க ஊர் ராசிபுரம் பக்கம். நான் பொழப்புக்கு பெங்களூர்ல. போன மாசம் அம்மா போன்ல, "கண்ணு, அப்பாவுக்கு நாலு நாளா ஓயாம காய்ச்சலடிக்குது"ன்னாங்க. பதறிப்போயி, தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்கு 'கன்டினியுவஸ்லி' காய்ச்சல்னு மெசேஜ் தட்டி விட்டேன்.

உடனே கூப்பிட்டாரு. "நடுவுல நார்மலுக்கு இறங்குதா, இறங்கவே இல்லையா?"

அம்மாகிட்ட திரும்பக் கேட்டா, "காலைல நல்லாத்தான் இருக்காரு, கஞ்சி குடிக்கறாரு. பொழுதெறங்குனா நடுங்கிப் போத்திக்கறாரு"ங்கறாங்க! அப்ப அது 'கன்டினியுவலி'.

ரெண்டும் 'சேர்த்துப் பிடிச்ச'ங்கற ஒரே லத்தீன் வேர்லருந்து வந்த அண்ணன் தம்பிதான். ஆனா இடைவெளியே இல்லாம நடந்தா கன்டினியுவஸ்லி. விட்டு விட்டு, திரும்பத் திரும்ப நடந்தா கன்டினியுவலி. நம்ம நாமக்கல் கோழியையே எடுத்துக்குங்க. ஒரு முட்டை உருவாக 24லருந்து 26 மணி நேரம் ஆகும். அதனால கோழி கன்டினியுவலி முட்டை போடும். கன்டினியுவஸ்லி போட்டா கோழி தாங்காது! 2012ல கரண்ட் போயிப் போயி வந்துச்சே, அதுவும் கன்டினியுவலிதான்.

ஆனா கன்டினியுவலியை ரொம்பக் காலமா ரெண்டுக்கும் எழுதிட்டு வர்றாங்க, அகராதியும் ஒத்துக்குது. பேச்சுல எப்படிச் சொன்னாலும் குடி முழுகாது. வைத்தியத்துல அப்படியில்ல. 24 மணி நேரத்துல 1 டிகிரி செல்சியஸுக்கு மேல ஏறி இறங்காம, நார்மலையும் தொடாம இருந்தாத்தான் அது தொடர் காய்ச்சல். விட்டு விட்டு வந்தா மலேரியா மாதிரி வேற சங்கதியையும் பார்க்கணும்.

அப்புறம் டாக்டர் சொன்னபடி, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா தெர்மாமீட்டர் வெச்சு, தினசரி காலண்டர் தாளோட முதுகுல எழுதி வெச்சாங்க அம்மா. ரத்தப் பரிசோதனை, மருந்துன்னு பத்து நாள்ல அப்பா எந்திரிச்சு தோட்டத்துக்குக் கெளம்பிட்டாரு.

ஊருக்குப் போனப்ப அந்தத் தாளுங்களைப் பார்த்தேன். ராத்திரி ரெண்டு மணி, ஆறு மணி, பத்து மணி... ஒரு வேளை கூட விட்டுப்போகல. காய்ச்சல் இறங்கின நேரத்துலயும் அம்மா தூங்கல. "ஓயாம"ன்னு அவங்க சொன்னதுல தப்பே இல்லீங்க. காய்ச்சல்தான் ஓஞ்சு ஓஞ்சு அடிச்சுது, அவங்க ஓயல. அதை நான்தான் காய்ச்சலோட கணக்குல எழுதிட்டேன்.

"அடிக்கடி போன் பண்றேன்ல"ன்னு நானும் பெருமையடிச்சுக்கறேன். அது எந்த வகைன்னு உங்களுக்கே தெரியும். வரட்டுங்களா?