இரைச்சலுக்கு அஞ்சி எர்த் கம்பியை அறுக்கலாமா?

இல்லத்தில் இனிய இசையைக் கேட்டு மகிழ விரும்பாதவர் யார்? ஆயினும், நல்ல ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வாங்கி வைத்த பின்னரும், பாட்டோடு கலந்து ‘ம்ம்ம்’ என்னும் ஓயாத ரீங்காரம் கேட்கிறதென்று வருந்தும் குடும்பங்கள் பல. சிலர் அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். சிலர் கருவியையே மாற்றிவிடுகின்றனர். வேறு சிலரோ உயிருக்கே ஊறு விளைக்கும் குறுக்குவழியை நாடுகின்றனர். அக்குறுக்குவழியைப் பற்றியே சிறப்பாக எழுத விழைகிறேன்.

எங்கள் தந்தையார் 1987இல் மறைந்தார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை என் தமையனார் கேசட்டில் பதிவு செய்திருந்தார். தந்தையாரின் குரலென்று எங்களிடம் எஞ்சியிருப்பது அதுவே. தமையனாரின் மகன் அண்மையில் அதனைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொணர்ந்தான். நினைவு நாளுக்குச் சில தினங்கள் முன்பு, தொலைக்காட்சியில் அதனைச் செருகி, ஆம்பிளிஃபயர் வழியே ஒலிக்கச் செய்தோம். முதியவரின் மெல்லிய குரல் ரீங்காரத்தில் மூழ்கிப்போயிற்று. தொண்ணூறு வயதை எட்டிய எங்கள் அன்னையார், “அப்பா பேசுவது ஒன்றும் விளங்கவில்லையே” என்று ஏங்கினார்.

பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். ஆம்பிளிஃபயரின் பிளக்கில் எர்த் கம்பியை அறுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்றார். அண்ணன் மகன் அவரைத் தடுத்தான். “சத்தம் நிற்கலாம், சித்தப்பா. அதோடு நமக்குள்ள காவலும் போய்விடும். காரணத்தைத் தேடுவோம்” என்றான்.

அவன் கூற்று முற்றிலும் உண்மை. நமது மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாக இருப்பது ஏன்? செருகும்போது அது முதலில் தொடவேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விலகவேண்டும் என்பதற்காகவே. கருவிக்குள் மின்கம்பி ஒன்று தளர்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிடின், மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும். எர்த் இல்லையேல் பெட்டி 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்கி, தொடுபவருக்காகக் காத்திருக்கும். அதனைத் தொடுவது தூசு துடைக்கும் இல்லத்தரசியாகவோ, விளையாடும் குழந்தையாகவோ இருக்கலாம்.

காரணத்தைத் தேடும் முறை எளிது. ஆம்பிளிஃபயரை அணைத்து, அதனோடு இணைந்த பிற கருவிகளின் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினோம்; ரீங்காரம் இல்லை. அப்போதும் கேட்டிருப்பின், குறை ஆம்பிளிஃபயருக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். நாட்பட்ட கருவிகளில் மின்தேக்கிகள் வறண்டுபோவதால் இவ்வாறு நேர்வதுண்டு. தொலைக்காட்சியை மீண்டும் இணைத்தோம், ரீங்காரம் திரும்பிற்று. தொலைக்காட்சியின் பின்புறமுள்ள கேபிள் கம்பியைக் கழற்றியதும் அடங்கிற்று!

ஆம்பிளிஃபயருக்கு வீட்டின் எர்த். தொலைக்காட்சிக்கோ கேபிள் உறையின் வழியாகத் தெருவிலிருந்து வரும் வேறோர் எர்த். இவ்விரண்டும் ஒலிக் கம்பியால் இணைந்து ஒரு வளையமாகி, அதில் மின்சாரம் சிறிது ஓடியது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவே ரீங்காரமாக ஒலித்தது. கேபிளை நீக்கியபின் தந்தையாரின் குரல் தெளிவாகக் கேட்டது. நாடாவுக்கே உரிய ‘உஸ்’ என்னும் மெல்லொலி மட்டும் உடனிருந்தது. அன்னையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், ஒலிச் சைகையை மட்டும் கடத்தி உலோகத் தொடர்பைத் துண்டிக்கும் சிறு மின்மாற்றி ஒன்றைத் தொலைக்காட்சிக்கும் ஆம்பிளிஃபயருக்கும் இடையே பொருத்தினோம். கேபிளும் தன் இடத்திற்குத் திரும்பியது. எர்த்தும் அறுபடாமல் நிலைத்தது.

ஏனைய இரைச்சல்களையும் அவற்றின் தன்மை கொண்டே அறியலாம். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது மட்டும் ‘கரகர’ என்றால், குமிழினுள் தூசு படிந்திருக்கும். கம்பியை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்டால், இணைப்பு தளர்ந்திருக்கும். மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பும்போது இரைச்சல் மாறினால், குற்றவாளி அதுவே. கைப்பேசி அருகிலிருப்பினும் சில வேளைகளில் ‘டடட’ என்று ஒலிக்கும். தள்ளி வைத்தால் போதும். ஒலிக் கம்பிகளை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதிருப்பதும், கருவிகளை ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து இயக்குவதும் நன்று.

இவையனைத்தும் பெட்டியைத் திறக்காமலே செய்யத்தக்கவை. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே உட்புற வேலையைத் தேர்ந்தவரிடமே விடுங்கள். அவரும் எர்த்தை அறுக்கச் சொன்னால், பணிவுடன் மறுத்துவிடுங்கள். இன்று மாலையே உங்கள் இல்லத்துப் பிளக்குகளை ஒருமுறை பாருங்கள். எர்த் முனை ஒடிந்தோ, கம்பி துண்டிக்கப்பட்டோ இருப்பின், பாட்டு ஒரு வாரம் நின்றாலும் தாழ்வில்லை, முதலில் அதனைச் சீர்செய்யுங்கள்.