எழுந்து நின்றவர் யார்?

படம் பார்ப்பது என் தொழிலன்று, தோழர்களே! கலையை அளக்கும் கோல் எதுவும் என் கையில் இல்லை. ஒளிப்பதிவின் நுணுக்கத்தை, படத்தொகுப்பின் திறத்தைப் பேசத் தெரிந்தோர் பேசட்டும், கேட்டு மகிழ்வேன். என்னிடம் இருப்பதெல்லாம் இரண்டு கண்கள், ஞாயிறு மாலைகளில் ஓய்ந்து கிடக்கும் இரண்டரை மணி நேரம், எங்கள் படிப்பகத்தின் வெள்ளைச் சுவர்! வாடகைக்கு எடுத்து வந்த இயந்திரத்தால் அந்தச் சுவரிலே படம் காட்டுகிறார்கள் இளைஞர்கள். அங்கே அண்மையில் பார்த்த படங்கள் சிலவற்றைப் பற்றி, மனதிற்பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அடிபட்டவள் ஒருத்தி இருந்தாளே, மிதிபட்டவன் ஒருவன் இருந்தானே — அவர்கள் தாமாக எழுந்து நின்றனரா, அன்றி வேறொருவர் வந்து தூக்கி நிறுத்தினாரா? ஏன் இந்தக் கேள்வி என்பீர்கள். ஆண்டவன் அவதாரம் எடுத்து வந்து அல்லல் தீர்ப்பான் என்ற கதையைக் கேட்டு நகைக்கிறோம், நல்லது. அதே அவதாரம் சட்டை மாட்டிக்கொண்டு, மெல்ல நடந்து, முழங்கும் இசையோடு வெண்திரையில் வந்தால் விசிலடிக்கிறோம்! கோயிலுக்குப் போகாத தம்பி, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறான். கற்சிலைக்கு ஊற்றினால் மூடத்தனம், அட்டைச் சிலைக்கு ஊற்றினால் அன்பா?

முதலில் பழையது. 1952ஆம் ஆண்டு தீபாவளி நாளில் வெளிவந்த 'பராசக்தி'. கிருட்டிணன் — பஞ்சு இயக்கியது. கலைஞர் கருணாநிதியின் உரையாடல். சிவாஜி கணேசனுக்கு அதுவே முதல் படம். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. இன்றைய கண்ணோடு பார்த்தால் குறை தெரியாமல் இல்லை. குற்றவாளிக் கூண்டிலே கல்யாணி. எதிரே நீதிபதி இருக்கையிலே அவளுடைய உடன்பிறந்த அண்ணன்! தமிழ்நாட்டில் நீதிபதிகளுக்கு அத்துணைப் பஞ்சமா என்று என் பக்கத்திலிருந்த கல்லூரி மாணவி கேட்டாள், சிரித்துவிட்டோம். ஆனால் பூசாரி கல்யாணியை நெருங்கும் காட்சி வந்தபோது சிரிப்பு நின்றது. தேவியின் சிலைக்குப் பின்னாலிருந்து குணசேகரன் குரல் கொடுத்தபோது, எழுபது ஆண்டு கடந்தும் அறையில் ஒரு சிலிர்ப்பு. சிலை பேசாது, மனிதன்தான் பேச வேண்டும் என்பதை அதைவிட எளிதாக எவர் காட்ட முடியும்! எனினும் என் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். நீதிமன்றத்தில் கல்யாணியும் பேசத்தான் பேசுகிறாள். ஆனால் நாடு மனப்பாடம் செய்தது அண்ணன் பேச்சைத்தான். அவள் பேச்சைச் சொல்லிப் பார்க்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்து 'ஜெய் பீம்'. த. செ. ஞானவேல் இயக்கியது, 2021 நவம்பரில் இணையத்தின் வழி வெளிவந்தது. 1993இல் கடலூர்ப் பகுதியில் காவல் நிலையத்தில் நடந்த கொடுமை, நீதிநாயகம் சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய ஆட்கொணர்வு வழக்கு — இவற்றை ஒட்டியது கதை. உண்மை வழக்கில் பாதிக்கப்பட்டோர் குறவர் குடியினர்; படத்தில் இருளர். அதை மாற்றியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். துன்பம் யாருடையதோ பெயரும் அவர்களுடையதாக இருப்பதே முறை.

வழக்கறிஞர் வரும்போதெல்லாம் இசை எழுகிறது, அறையிலே கைதட்டல் எழுகிறது. எனக்கு அந்தக் கைதட்டல் உவக்கவில்லை. பின்னர் ஒரு காட்சி. மேலிடத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. செங்கேணியை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வண்டியில் ஏறம்மா, ஏறிக்கொள்ளம்மா என்று இறைஞ்சியபடி காவலர்களின் ஜீப் அவள் பின்னே ஊர்ந்து வருகிறது. வயிற்றிலே பிள்ளை, கையிலே பிள்ளை. அவள் ஏறவில்லை. நடக்கிறாள். ஊர் பார்க்க நடக்கிறாள்! அங்கேதான் படம் உச்சியைத் தொடுகிறது, என்னைப் பொறுத்தவரை. பணம் தருகிறோம், வழக்கை விட்டுவிடு என்றபோது அவள் மறுக்கும் இடமும் அவ்வாறே. லிஜோமோள் ஜோஸ் என்ற அந்த நடிகையை எழுந்து வணங்கலாம். வணங்குவதா என்று கேட்காதீர்கள். பாராட்டுக்கு நான் வைத்திருக்கும் சொல் அது!

இனி மலையாளத்துக்கு வருவோம். ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்', 2021 சனவரியில் வந்தது. கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது பெற்றது. இந்தப் படத்தை மட்டும் மழையின் காரணமாகப் படிப்பகத்தில் காட்ட இயலவில்லை. நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் கூடினோம்.

கதை என்று சொல்ல என்ன இருக்கிறது? அரைக்கிறாள், நறுக்குகிறாள், வதக்குகிறாள், பரிமாறுகிறாள், கழுவுகிறாள். மறுநாள் அரைக்கிறாள், நறுக்குகிறாள். மாமனார் கடுஞ்சொல் ஒன்றும் பேசுபவரல்லர். அன்பாகவே சொல்லுவார் — சோறு விறகடுப்பில் வெந்தால்தான் சுவை, சட்டினி அம்மியில் அரைத்தால்தான் மணம், துணியைப் பொறியில் போடாமல் கையால் துவைத்தால் நலம். அவர் பல் துலக்கும் தூரிகையை எடுத்துக் கையில் கொடுப்பதற்கும் ஒருத்தி வேண்டும்! கணவன் பள்ளி ஆசிரியன். குடும்பம் என்னும் அமைப்பைப் பற்றி வகுப்பிலே பாடம் நடத்துபவன். தின்று துப்பிய சக்கையை மேசைமேல் விட்டுப் போகிறான். உணவு விடுதியில் மட்டும் அவனுக்கு ஒழுங்கு வருகிறதே என்று மனைவி விளையாட்டாகச் சொன்னால் முகம் கறுக்கிறது, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறான். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இன் சூழல் பின்னணி. மாதவிலக்கு நாட்களில் அவள் தீண்டத்தகாதவள். மற்ற நாட்களில் அவளில்லாமல் ஒரு குவளை நீரும் கிடையாது. தீட்டு என்பது எவ்வளவு வசதியாக வரவும் போகவும் செய்கிறது, பாருங்கள்!

படம் பாதியைக் கடந்தபோது கூடத்திலே தேநீர் வந்தது. பதினைந்து குவளைகள். வீட்டுக்கார நண்பரின் துணைவியார் கொண்டு வந்தார். திரையிலே ஒருத்தி தேநீர் கொண்டு வருகிறாள். கூடத்திலே ஒருவர் தேநீர் கொண்டு வருகிறார். முன்னர்ச் சொன்ன அந்தக் கல்லூரி மாணவி எழுந்து படத்தை நிறுத்தினாள். "அண்ணி, நீங்கள் எந்த இடம் வரை பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். திருமணக் காட்சி வரை என்றார் அவர். அதற்குப் பின் அடுப்படி. யாரும் பேசவில்லை. நண்பர் — இருபது ஆண்டாக மேடை ஏறுபவர், பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசவல்லவர் — குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கழுவுகிற ஓசை கேட்டது. திருமணக் காட்சியிலிருந்து மறுபடி ஓட்டினோம். முடியும்போது நள்ளிரவு.

"படம் எப்படி, அண்ணி?" என்றதற்கு அவர் சொன்ன விடை: "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று அவள் எத்தனை நாள் சொல்கிறாள்! எங்கள் வீட்டில் மூன்றாவது மாதம்." விமர்சனம் எழுதுவோர் எவரும் இப்படி ஒரு வரி எழுதி நான் படித்ததில்லை.

இந்தப் பெண் எழுந்து நிற்கிறாள். அழுக்கு நீரை அள்ளி, மாலையிட்டு விரதமிருக்கும் இருவர்மேலும் வீசிவிட்டு வெளியேறுகிறாள். தாய் வீட்டுக்குப் போனால், அங்கே தம்பி வந்து தண்ணீர் கேட்க, தங்கை எழுகிறாள், இவள் சீறுகிறாள். அந்தச் சீற்றம் எனக்கு அழுக்கு நீரைவிடப் பெரிதாகப் பட்டது. குறை ஒன்று சொல்ல வேண்டுமென்றால், இறுதியில் அவள் நாட்டியம் கற்பிப்பவளாகத் தன் காலில் நிற்பதை அவசரமாகக் காட்டி முடிக்கிறார்கள். வெளியேறிய மறுநாள் வாடகை, சோறு, ஊர்ப்பேச்சு — அவற்றை யார் காட்டுவது? விட்டுவந்த வீட்டில் அடுத்த மனைவி வந்து அதே பாத்திரத்தைக் கழுவுவதைக் காட்டியது நேர்மை.

'பரியேறும் பெருமா'ளை (2018) இரண்டாம் முறை பார்த்தேன். இரண்டே செய்தி. சாதிக்காகக் கொலை செய்வதைக் குலதெய்வத்துக்கு ஆற்றும் தொண்டாக எண்ணும் அந்தக் கிழவரைப்போல் அச்சமூட்டும் பாத்திரத்தை நான் தமிழ்ப்படத்தில் கண்டதில்லை. அவர் கத்துவதில்லை, பல்லைக் கடிப்பதில்லை, அதனாலேயே! மற்றது, பரியனின் தந்தை ஓடும் ஓட்டம். அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

கடைசியாக, 'கொட்டுக்காளி'. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024 ஆகஸ்டில் வந்தது. பின்னணி இசையே கிடையாது. மீனா என்ற பெண் வேறு சாதி இளைஞனை விரும்பினாள். வாய் பேச மறுக்கிறாள். பேய் பிடித்துவிட்டதாம்! அவளை மணக்க இருக்கும் பாண்டியும் உறவினரும் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டு போகிறார்கள். உடன் ஒரு சேவல், பலிக்கு. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அவள் முணுமுணுத்தாள் என்பதற்காகப் பாண்டி அடிக்கிற அடி — மறித்தவர்க்கும் விழுகிறது. காலைக் கட்டிய சேவலும் பேசுவதில்லை, மீனாவும் பேசுவதில்லை. வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. அத்தனை ஆண்களும் திகைத்திருக்க, ஒரு சிறுமி வந்து ஓட்டிப் போகிறாள். எனக்கு அதிலே ஒரு குறும்பு தெரிந்தது.

சாமியாரிடம் முறை வருவதற்குக் காத்திருக்கையில், முன்னால் போன வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அந்த ஆளின் கைகள் எங்கெங்கே போகின்றன என்பதைப் பார்க்கிறான். படம் முடிந்துவிடுகிறது!

விளக்கு எரிந்ததும் ஓர் இளைஞர் பொங்கினார். "இது என்ன முடிவு? பாண்டி திருந்தினானா, இல்லையா? அந்தச் சாமியாரைக் குணசேகரன் உதைத்ததுபோல் உதைத்திருக்க வேண்டாமா?"

உதைப்பதைத்தான் 1952இலேயே பார்த்துவிட்டோமே, தம்பி! கைதட்டவும் செய்தோம். குணசேகரன் பூசாரியை முன்பே அறிந்தவன். இவனோ சேவலோடு நம்பி வந்தவன். தன் கண்ணால் காண்கிறான். அறிந்தவன் அடிப்பதைக் காட்டுவது எளிது. நம்பியவன் கண்டபின் என்ன செய்வான்? அதை இயக்குநர் சொல்லிவிட்டால் நமக்கு வேலை இல்லாமற் போகும். ஆனால் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு: எழுபத்திரண்டு ஆண்டு கழித்தும் ஒரு பெண்ணின் விடுதலை, பக்கத்தில் நிற்கும் ஆண் என்ன முடிவு செய்கிறான் என்பதிலே தொங்குகிறது. மீனாவின் பிடிவாதத்தை — கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி — நான் எழுந்து நிற்றலாகவே கொள்கிறேன். கடைசிப் பார்வையை மட்டும் அவளுக்கே தந்திருக்கலாம்.

இப்படி நாங்கள் இருவரும் சொல்லாடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த செவிலித் தோழியர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "மீனாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். வேப்பிலைக் கொத்தால் அடித்த தழும்போடு எங்கள் வாசலுக்கு வருவாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். நாங்கள் அதையே எழுதிக்கொள்வோம்."

இளைஞர் அமர்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து, கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி பார்க்கலாமா என்றார். அதற்குள் இயந்திரக்காரரின் ஆள் வந்து கம்பியைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். வரும் ஞாயிறும் அதே படம் என்று முடிவாயிற்று. தம்மோடு பணியாற்றும் நால்வரை அழைத்து வருவதாகச் செவிலித் தோழியர் சொல்லியிருக்கிறார். தேநீர் இளைஞர்கள் பொறுப்பு.