அம்மா வீட்டு டிவியும் ஆக்லாந்து சர்வரும்

வெளிநாட்டில் குடும்பம் நடத்தும் நம்மில் பலரிடமும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். கல்யாண கேசட்டிலிருந்து மாற்றிய டிவிடி, பழைய நோக்கியா போனில் எடுத்த மங்கலான வீடியோக்கள், பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து ஐபோனில் எடுத்துத் தள்ளியவை என்று எல்லாமே அதில் கிடக்கும். "ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தணும்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிடும்.

எங்கள் வீட்டில் அந்த ஒருநாளைக் கொண்டுவந்தது அப்பாவின் முதல் வருஷத் திதி. ஜூலை மாதம். லீவு கிடைக்கவில்லை, என்னால் பாளையங்கோட்டைக்குப் போக முடியாது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் டிவியில அப்பாவப் பாக்கணும்யா. அவுக பேசுறத எல்லாரும் கேக்கணும்."

அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. ட்ரேட் மீயில் வாங்கிய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று, புத்தகம் அளவே இருக்கும், மவுண்ட் ராஸ்கில்லில் எங்கள் வீட்டு ஹாலில் இரவும் பகலும் ஓடுகிறது. உள்ளே 2018-இல் வந்த எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5. அதில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் போட்டிருக்கிறேன். நம் வீடியோக்களை நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி அடுக்கிக் காட்டும். இலவசம், திறமூலம். எம்பி என்ற மென்பொருள் 2018 டிசம்பரில் மூடிய மூலத்துக்கு மாறியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது இது. அம்மா டிவியில் செருகியிருக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியிலும் இதே செயலி இருக்கிறது. இரண்டு வீட்டையும் ஒரு விபிஎன் இணைக்கிறது. சர்வரை நேராக இணையத்தில் திறந்து வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

திதிக்குப் பத்து நாள் முன்னால் ஒத்திகை பார்த்தோம். அம்மா போனில் சொன்னாள்: "அப்பா பேச ஆரம்பிக்காவ, உடனே நின்னுருதாவ. வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

நாளெல்லாம் பிழை தேடுவதே என் பிழைப்பு. ஆனால் இந்தப் பிழை அறிக்கையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் எதுவும் பேச வரவில்லை.

முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது இன்டர்நெட்டைத்தான். இங்கே அது காரணமில்லை. நியூசிலாந்தின் பெரும்பகுதி ஃபைபர் கம்பிகளை வைத்திருக்கும் கோரஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் 100-க்கு 20 என்றிருந்த இணைப்புகளை 300-க்கு 100 ஆக உயர்த்தியது. அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்ப நொடிக்கு 100 மெகாபிட். ஐபோனின் 4கே வீடியோவுக்கு 20 முதல் 25 மெகாபிட் போதும். நம் பக்கம் தாராளம். அம்மா வீட்டு இணைப்பு மாலை நேரத்தில் அந்த அளவுக்குத் தாங்காது, அது வேறு விஷயம்.

ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் யார் எதைப் பார்க்கிறார்கள், எப்படிப் போகிறது என்று தெரியும். கோப்பு அப்படியே போனால் 'நேரடி', மாற்றி அனுப்பினால் 'டிரான்ஸ்கோடிங்'. ஏன் மாற்றுகிறது என்ற காரணத்தையும் காட்டும். இங்கே காரணம்: வீடியோ கோடெக் அந்தப் பெட்டிக்குப் புரியாது.

கோடெக் என்பது படத்தைச் சுருக்கி மடிக்கும் முறை. 2003-இல் வந்த எச்.264 அநேகமாக எல்லாப் பெட்டிக்கும் தெரியும். 2013-இல் வந்த எச்.265 கிட்டத்தட்ட பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் பழைய பெட்டிகளுக்கு அது தெரியாது. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் வேறு சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள். அப்பா இங்கே வந்திருந்தபோது மிஷன் பே கடற்கரையில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொன்னதை எடுத்த போன் அப்படிப்பட்டது. அம்மாவின் பெட்டியோ அதற்கும் முந்தைய காலத்தது.

ஆகவே அவர் பேசப் பேச என் சர்வர் அதை எச்.264 ஆக மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டும். அதன் பதிவேட்டில் ஒரு எண் இருந்தது: வேகம் 0.6. ஒரு நிமிஷம் வேலை செய்தால் 36 நொடிப் படம்தான் தயாராகும். பார்ப்பவர் 60 நொடி கேட்கிறார். இட்லி வேகும் முன்னே இலை காலியாகிற கதை. 1-க்குக் கீழே இருக்கும்வரை வட்டம் சுற்றத்தான் செய்யும். ஆறு கோர்களும் நூறு சதவீதம் ஓடி, ஃபேன் சத்தம் ஹாலில் கேட்டது.

இதற்குத்தான் இன்டெல் சிப்களில் குவிக் சிங்க் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. 2011-லிருந்து இருக்கிறது. வீடியோவைப் பிரிப்பதும் மடிப்பதும் மட்டுமே அதன் வேலை. ஜெல்லிஃபினில் இது தானாக இயங்காது, நாம்தான் அமைப்புகளில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தேன். இப்போது வட்டம்கூட இல்லை. படமே வரவில்லை.

பதிவேட்டில் 'அனுமதி மறுப்பு' என்று இருந்தது. ஜெல்லிஃபினை நான் ஓட்டுவது டாக்கர் பெட்டகத்துக்குள். அது வீட்டுக்குள் தனியாகப் பூட்டிய அறை மாதிரி. சிப்பின் வீடியோ பகுதியை லினக்ஸ் 'ரெண்டர் டி 128' என்ற பெயரில் ஒரு கதவாகக் காட்டும். அந்தக் கதவை அறைக்குள் கொடுப்பது ஒரு வேலை. அதைத் திறக்கும் உரிமையைக் கொடுப்பது இன்னொரு வேலை. அந்த உரிமை 'ரெண்டர்' என்ற குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும். அறைக்கு உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு வெளியே இருக்கும் குழுவின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். எண் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். என்னுடையதில் அது என்ன என்று பார்த்து, டாக்கர் அமைப்பில் அந்த எண்ணைச் சேர்த்து, மறுபடி ஓடவிட்டேன்.

வேகம் 2.4. ஃபேன் அடங்கிவிட்டது.

ஆனால் அப்பா முகம் வெளுத்துப்போய்ச் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. கடலும் அப்படியே. எச்டிஆர் படத்தை அப்படியே சாதாரணப் படமாகக் காட்டினால் அப்படித்தான் ஆகும். 'டோன் மேப்பிங்' என்ற இன்னொரு அமைப்பை இயக்க வேண்டும். இயக்கியதும் அவர் கறுப்பு அவருக்குத் திரும்பி வந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "இப்பதான் மாமா மாதிரி இருக்காங்க" என்றாள்.

மற்ற கோப்புகள் சீக்கிரம் முடிந்தன. அக்கா கல்யாண வீடியோவில் ஆட்கள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தது. பழைய டிவி முறை ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டாகப் பிரித்து நொடிக்கு 50 முறை அனுப்பும். அதைச் சேர்க்கும் அமைப்பும் ஜெல்லிஃபினில் இருக்கிறது. நோக்கியா காலத்து 3ஜிபி கோப்புகள் 176-க்கு 144 புள்ளி அளவுதான். அந்தப் பழைய கோடெக்கைக் குவிக் சிங்க் தொடாது. தேவையும் இல்லை, சாதாரண சிபியூவே ஊதித் தள்ளிவிடும்.

"இவ்வளவு எதுக்குடா? வாட்ஸ்அப்ல அனுப்பிட்டுப் போ" என்றார் மாமா. வாட்ஸ்அப் சுருக்கும். சுருக்கியதை இன்னொருவர் இறக்கி மறுபடி ஏற்றி அனுப்பினால் இன்னும் சுருங்கலாம். ஒவ்வொரு முறையும் முகத்திலிருந்து கொஞ்சம் போகும். எல்லாவற்றையும் முன்கூட்டியே எச்.264 ஆக மாற்றி வைப்பதும் நல்ல வழிதான். திதிக்குத் தேவையான ஏழு வீடியோக்களை அப்படி மாற்றி, அக்காவிடம் பென் டிரைவிலும் போட்டு வைக்கச் சொன்னேன். கரண்ட், நெட் இரண்டையும் நம்பி அம்மாவை உட்கார வைக்க மனசு வரவில்லை. ஆனால் அசல் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். நாளைக்கு வரும் டிவிக்கு அதிலிருந்துதான் நல்ல பிரதி எடுக்க முடியும்.

திதியன்று அங்கே மதியம் பன்னிரண்டு, இங்கே மாலை ஆறரை. பென் டிரைவ் தேவைப்படவில்லை. நாங்கள் இங்கே டிவியில் பார்த்தோம், அவர்கள் அங்கே பார்த்தார்கள், நடுவில் போனில் வீடியோ கால். மிஷன் பே கதையில் அப்பா, "ஏலே, நரி என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்று நிறுத்துவார். வீடியோவில் இருக்கும் என் மகனுக்கு அப்போது நாலு வயசு, பதில் சொல்லத் தெரியாமல் சிரிப்பான். இப்போது ஏழு வயசு, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறான். எங்கள் ஹாலில் சோபாவில் இருந்தபடியே பதிலைச் சொன்னான். பாளையங்கோட்டையில் யாரோ அழுவது கேட்டது. அத்தையா அம்மாவா தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தினமும் சாயங்காலம் ஒரு வீடியோ பார்க்கிறாள். அது எனக்கு நிர்வாகப் பக்கத்தில் தெரியும். இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்த வரி வந்தால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

நீங்களும் செய்ய நினைத்தால், என் அனுபவத்தில் வரிசை இதுதான்: முதலில் பார்க்கும் பெட்டிக்கு எந்தக் கோடெக் தெரியும் என்று கண்டுபிடியுங்கள். பிறகு வேக எண் 1-க்கு மேலா கீழா என்று பாருங்கள். பிறகு பதிவேட்டில் அனுமதிப் பிழை இருக்கிறதா என்று தேடுங்கள். நிறம் கடைசியில். கம்ப்யூட்டர் புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஏழாம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் ஐ3 அல்லது ஐ5 ஒன்று, அதன் உள் கிராஃபிக்ஸோடு இருந்தால், 10-பிட் எச்.265-ஐ அது பார்த்துக்கொள்ளும்.