குரங்கின் ரோமம்

சமீபத்தில் 1933-ல் வந்த 'கிங்காங்'கை மறுபடி பார்த்தேன், பத்து வயதுப் பேரனோடு. கிங்காங் தலைகாட்டியதுமே, "ஐயே, பொம்மை தாத்தா!" என்றான்.

பொம்மைதான். காட்டுக் காட்சிகளில் அதன் உயரம் சுமார் 18 அங்குலம். உள்ளே உலோக எலும்புகள், மேலே முயல் தோல். வில்லிஸ் ஓ'பிரையனும் அவர் ஆட்களும் அதை இம்மியளவு நகர்த்தி ஒரு ஃப்ரேம் எடுப்பார்கள். மறுபடி நகர்த்தி இன்னொன்று. திரையில் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதுகு வலிக்கும்.

நீங்கள் பார்க்க நேர்ந்தால் ரோமத்தைக் கவனியுங்கள். காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். நகர்த்தியவர்களின் விரல் பட்டுக் கலைந்தது அது. தப்புதான். ஆனால் குரங்குக்குக் கோபம் வந்த மாதிரியே இருக்கிறது! 2005-ல் பீட்டர் ஜாக்ஸன் கம்ப்யூட்டரில் செய்த கிங்காங்குக்கு ஒவ்வொரு முடியும் கச்சிதம். எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை.

1993-ன் 'ஜுராஸிக் பார்க்'குக்கும் முதலில் பொம்மை டைனோஸர்கள்தான் திட்டம், பொறுப்பு ஃபில் டிப்பெட். கம்ப்யூட்டர் டைனோஸர் ஓடியதைப் பார்த்ததும் தன் பிழைப்பு போச்சு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஸ்பீல்பெர்க் அவரை அனுப்பவில்லை. மிருகம் எப்படி நடக்கும், திரும்பும் என்று சொல்ல ஆள் வேண்டுமே. சில காட்சிகளுக்கு, மூட்டுகளில் சென்சார் பொருத்திய பொம்மையைக் கையால் அசைத்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர் டைனோஸர் அசைந்தது. டிப்பெட்டுக்கு ஆஸ்கரில் பங்கும் கிடைத்தது.

கடைசியில் எம்பயர் ஸ்டேட் உச்சியில் கிங்காங் தன் மார்பில் பட்ட குண்டுக் காயத்தைத் தடவிப் பார்த்தபோது பேரன் பக்கம் திரும்பி, "பொம்மைதானேடா?" என்றேன்.

"சும்மா இருங்க தாத்தா."