வழிவிடும் பண்பு

மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரையின் முயற்சியால் 1863ஆம் ஆண்டில் அமைந்தது கோடைக்கானல் ஏரி. அதனைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை செல்கின்றது. உலாவுவோரும், ஓடுவோரும், சைக்கிள் ஊர்வோரும், நாயுடன் வருவோரும் அதிற் கலந்தே செல்வர். வழி ஒன்று, வேகமோ பல.

என் பெரிய தகப்பனார் செவி மந்தமானவர். மருத்துவர் சொற்படி நாடோறும் அச்சாலையில் நடந்துவந்தார். ஒரு நாள் பின்னால் விரைந்து வந்த சைக்கிள் அவர் தோளை உரசிச் சென்றது. காயமொன்றுமில்லை, ஆயினும் அன்றுமுதல் அவர் ஏரிப்பக்கம் செல்லத் துணிந்தாரல்லர். ஓட்டியவர் பெற்ற ஊதியம் ஒரு நொடி. முதியவர் இழந்தது தம் காலைப்பொழுது முழுவதும்.

விரைந்து செல்வோரே அடங்கிச் செல்லக் கடமைப்பட்டவர் என்பது என் துணிபு. பிரித்தானியாவின் சாலை விதிநூலும், மிகுந்த தீங்கு விளைக்கவல்லவருக்கே மிகுந்த பொறுப்பு உண்டென 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வகுத்துளது. மணியைத் தொலைவிலேயே ஒலித்தல் அறிவிப்பு. முதுகருகே ஒலித்தல் அதட்டல். செவி கேளாதாரும் எதிர்ப்படுவராதலின், மணியை மட்டும் நம்பாது வேகந் தணித்து விலகிச் செல்லுதலே நலம்.

நாயை உடையோர், பிறர் நெருங்குங்கால் கயிற்றைக் குறுகப் பிடித்தல் வேண்டும். தமக்கு அது செல்லப்பிராணியாயினும், அஞ்சுவோர்க்கு அது நாயே. நடப்போரும் தோழருடன் கைகோத்து வழியை அடைத்தல் தகாது. விலகி நின்றவருக்கு ஒரு நன்றி கூறுதல் யாவர்க்கும் எளிது.

நண்பர்காள், வழி பொதுவாயின், அச்சமின்றி நடக்கும் உரிமையும் பொதுவன்றோ?