பாசி வளர்க்கும் கலை

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதற் காரியம், கிணற்றடியிலும் துவைக்கும் கல்லிலும் கொல்லைப்புறத்துப் படிகளிலும் படிந்த பாசியைப் பிளீச்சிங் பவுடர் தூவித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவதுதான். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பெரியவர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊரில் இராதாகையால், இந்தச் சுத்திகரணத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் காலே படாத மதில்மேலும் துளசி மாடத்தின் அடியிலும், யாருடைய நடைக்கும் இடையூறின்றிப் பட்டுப்போலப் படர்ந்திருப்பதையும் அதே ஆவேசத்தோடு சுரண்டி எறிந்துவிட்டு, பிறகு காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் புல்விரிப்பைக் கூடத்தில் போட்டு அழகு பார்க்கிறோமே, அந்த ரசனையோடுதான் எனக்கு வழக்கு.

படியில் வழவழவென்று படிந்து ஆளை வாரிவிடுவது பெரும்பாலும் ஆல்கா. நான் பேச வந்தது, சிற்றிலையும் சிறு தண்டுமாக நெருங்கி நின்று மெத்தை கட்டும் மாஸ் என்னும் இனத்தைப் பற்றி. இதில் ஏறத்தாழ 12,000 வகைகள் உண்டென்று தாவர சாஸ்திரிகள் கூறுவர். அவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது. பூ இல்லை, விதை இல்லை. கல்லைப் பற்றிக்கொள்ளச் சில மெல்லிய இழைகளும், மழையையும் பனியையும் நேரே உறிஞ்சிக்கொள்ளும் நுண்ணிய இலைகளுமே அவற்றின் ஆஸ்தி. நம் சமவெளிச் சுவர்களில் சாதாரணமாகக் காணப்படும் ஹையோஃபிலா என்னும் வகையைப் பங்குனி வெயிலில் உற்றுப் பார்த்தால், இலைகள் உட்புறமாகச் சுருண்டு, பழுப்பேறி, ஜீவன் போய்விட்டதென்றே தோன்றும். அதன்மேல் ஒரு கை ஜலத்தைத் தெளித்துவிட்டுப் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருப்பவருக்கு, சுருள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, சில நிமிஷங்களில் அவ்விடம் முழுவதும் பச்சைப் பசேலென்று மாறிவிடும் வேடிக்கை காணக் கிடைக்கும்.

இத்தனை எளிய உயிருக்கு ஓர் உத்தியானத்தையே ஒப்படைத்துவிட்டவர்கள் ஜப்பானியர்கள். கியோட்டோ நகரின் மேற்குப் புறத்து மலையடிவாரத்தில் சைஹோஜி என்றொரு பௌத்த ஆலயம் இருக்கிறது. பாசிக் கோயில் என்ற பொருளில் கொகெதேரா என்று ஜனங்கள் அதை அழைக்கிறார்கள். முஸோ ஸோஸெகி என்ற ஜென் குரு 1339-ஆம் வருஷம் அதைப் புதுப்பித்துத் தோட்டத்தைத் திருத்தி அமைத்தபோது, அவருடைய திட்டத்தில் பாசிக்கு ஸ்தானம் இருந்ததாகத் தெரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் உள்நாட்டு யுத்தத்தில் கட்டடங்கள் எரிந்தன. பிற்காலத்தில் வெள்ளம் புகுந்தது. பராமரிப்பாரின்றித் தோட்டம் கிடந்த நாட்களில், அந்தப் பள்ளத்தாக்கின் ஈரமும் மர நிழலும் சேர்ந்து, மனிதர் கைவிட்ட மண்ணைப் பாசி தானாகவே வந்து போர்த்திக்கொண்டது. அதைக் களைந்தெறிந்து பழைய தோட்டத்தை மீட்கிறோம் என்று யாரும் கிளம்பாததுதான் அவர்களுடைய ரசனையின் உச்சமென்று நான் நினைக்கிறேன். இன்று அங்கே சுமார் 120 வகைப் பாசிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். திரள் திரளாக வந்த யாத்ரிகர்களால் தோட்டம் கெடாதிருக்க, 1977 முதல் முன்கூட்டி விண்ணப்பித்தவர்களையே உள்ளே அனுமதிக்கிறார்கள். 1994-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

சிரமமற்ற அலங்காரம் என்று பாசியைப் புகழ்வோர் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உரமிடுதல், கத்தரித்தல், மண் மாற்றுதல் ஆகிய தொல்லைகள் அதற்கு இல்லை என்பது மெய்தான். ஆனால் மரத்திலிருந்து உதிரும் இலைகள் மேலே கிடந்து மக்கினால் வெளிச்சமின்றி அடியிலுள்ள பாசி அழுகிவிடுமாதலால், அந்தத் தோட்டத்தில் துடைப்பத்துக்கு ஓய்வே கிடையாது. பாசி கேட்கும் ஊழியம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை நாள் தவறாமல் கேட்கிறது.

வீட்டுக்குள் பசுமையை வைத்துக்கொள்ளும் வழி தற்செயலாகக் கிடைத்ததே. புகை மண்டிய கிழக்கு லண்டனில் வாழ்ந்த வார்டு என்ற வைத்தியர், 1829-ல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமான மக்குமண்ணோடு கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடிவைத்திருக்க, தம் முற்றத்தில் எத்தனை பிரயாசைப்பட்டும் வளராத பெரணி ஒன்று அந்த மண்ணிலிருந்து தானாக முளைத்தெழுந்ததைக் கண்டார். பகலில் மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து நீராய் மீண்டும் மண்ணுக்கே இறங்குவதால், மூடிய குப்பிக்குள் தண்ணீர் குறையவே இல்லை. அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிற்பாடு சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கப்பலேறி இமயமலைச் சாரலுக்கு வந்து சேர்ந்தன. இன்று மேஜைமேல் கண்ணாடி ஜாடியில் பாசி வளர்ப்போர் அனைவரும் அந்த வைத்தியருக்குக் கடன்பட்டவர்களே.

தற்காலத்துக் காரியாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வரவேற்பறைச் சுவர் முழுவதும் ஒட்டிவைக்கிறார்களே, அந்தப் பச்சைப் பாசி வேறு சமாசாரம். அது ஜீவனுள்ளதல்ல, உள்ளிருந்த நீருக்குப் பதிலாகக் கிளிசரினை ஏற்றிச் சாயம் தோய்த்து எடுத்தது. அதில் பெருவாரியாகப் பயன்படுவது வட ஐரோப்பாவில் கலைமான்கள் மேயும் ஒரு வகை லைக்கன்; சாஸ்திரப்படி அது பாசியே அன்று. அதற்கு வெளிச்சமும் தண்ணீரும் வேண்டாம். தண்ணீர் தெளித்தால் கெட்டுப்போகும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று மிஞ்சினால் சாயம் கசியவும் கூடும். சுவருக்கு ஒரு நிறம் வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கென்னவோ, மழை பெய்தால் மாறாத பசுமையின்மேல் பிரியம் உண்டாகவில்லை.

நம் சீதோஷ்ணத்தில் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அநுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். உடைந்த செங்கல்லோ, ஆழமில்லாத மண்தட்டோ போதும். பாசியை எங்கிருந்தோ வரவழைப்பதைவிட, சொந்த மதிலிலிருந்தே ஒரு துண்டைத் தோசைத் திருப்பியால் அடியோடு பெயர்த்து, அதே திசையில், அதே அளவு நிழலில் வைப்பது உத்தமம். மோரில் அரைத்துப் பூசினால் விரைவில் படரும் என்றொரு பிரசித்தமான யோசனை உண்டு. நறுக்கிய சிறு துணுக்கிலிருந்தும் பாசி மறுபடி தழைக்கும் என்பதால் பலன் துணுக்கினுடையதே ஒழிய மோரினுடையது அன்று. மோரால் பூஞ்சணம் பிடிப்பதே அதிகம். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் ஆகவே ஆகாது. இலைமேல் வெள்ளை பூத்துக் கருகிவிடும். மழைநீரைப் பிடித்து வைத்துத் தெளிக்க வேண்டும். கண்ணாடி ஜாடியாயின் நேர்வெயிலில் வைக்கலாகாது, உள்ளே வெந்துபோகும். கோடையில் அது காய்ந்து கறுத்தாலும் பதறி எறிந்துவிடாமல் ஆடி வரை பொறுத்திருந்து பார்க்கலாம். நவராத்திரிக் கொலுவில் குழந்தைகள் அமைக்கும் பூங்காவுக்குக் கேழ்வரகு முளைக்கட்டும் என்று காத்திராமல் இந்தத் துண்டுகளையே புல்தரையாகப் பரப்பி, விஜயதசமி கழிந்ததும் சுவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒன்றை மாத்திரம் வாசகர்களிடம் வேண்டிக்கொள்கிறேன். மலைச் சோலைகளின் மரங்களிலிருந்து உரித்து வந்த பாசி எங்கே விற்றாலும் வாங்காதீர்கள். அங்கே அது மேகத்தின் ஈரத்தைத் தாங்கி நிற்கிறது. உரித்த கிளையில் அவ்வளவும் மீண்டும் வளர வருஷக்கணக்காகும். உங்கள் வீட்டின் வெயில் படாத சுவரை ஒரே ஒரு மழைக்காலம் தேய்க்காமல் விட்டுவையுங்கள். வேண்டிய பாசி அங்கேயே கிடைத்துவிடும்.