யாருடைய கண்ணாடியில் நம் முகம்?

கல்லூரிகளில் 'ஆளுமை மேம்பாடு' என்று ஒரு நாள் வகுப்பு வைக்கிறார்கள். பேச வருபவர், "உங்களுக்கு எதிரி நீங்களேதான். தாழ்வு மனப்பான்மையைத் தூக்கி எறியுங்கள்" என்பார். கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த நம் தம்பி, தங்கைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, 'அப்போ குறை நம்மகிட்டதான் போல' என்று இன்னும் கொஞ்சம் குறுகிப்போவார்கள். குறை அவர்களிடம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதுகலை சமூகவியலில் 'சுயம்' பற்றிய பாடத்தில் முதலில் வந்தவர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்ற அமெரிக்கர். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அவர்கள் நம்மை என்னவென்று எடைபோடுவார்கள் என்றும் கற்பனை செய்கிறோம். அதிலிருந்து பெருமிதமோ அவமானமோ கொள்கிறோம். இதைக் 'கண்ணாடிச் சுயம்' என்று 1902இல் அவர் எழுதினார்.

வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. உதவித்தொகைப் படிவம் வந்துவிட்டால், "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்று ஆசிரியர் சத்தமாகச் சொல்வார். அதுவரை எங்களில் ஒருவன் கபடிக்காரன், ஒருத்தி கணக்கில் கெட்டி, ஒருவன் வாயாடி. நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே ஆள். கண்ணாடி இருக்கிறது என்று கூலி சொன்னார், சரி. அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு அருகில் வந்தவர் எர்விங் கோஃப்மன். களங்கம் சுமத்தப்பட்டவர்களைப் பற்றி 1963இல் அவர் எழுதிய நூலில் இரண்டு நிலைகளைப் பிரிக்கிறார். சிலருக்கு அது பார்த்ததும் தெரிந்துவிடும். சிலருக்குத் தெரியாது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் தெரிந்துவிடலாம். இரண்டாம் வகையினர் யாரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டபடி இருக்க வேண்டும். சாதி நம் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. ஆனால் "எந்த ஊரு?", "ஊர்ல எந்தத் தெரு?", "உங்க குலசாமி எது?" என்று கேள்விகள் வரிசையாக வரும்.

எங்கள் மாலைநேர மையத்தில் படித்து நகரக் கல்லூரிக்குப் போன ஒரு தங்கை சொன்னாள்: "அக்கா, கூடப் படிக்கிற புள்ளைங்க பஸ்ஸுல இருந்தா நான் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்துருவேன். காலனி ஸ்டாப்புல எறங்க மாட்டேன்." அந்தப் பருவத்தில் அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. கவனம் போதவில்லை என்றார்கள். கவனம் நிறைய இருந்தது. அதில் பாதி எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பதற்கே போனது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமங்களில் செய்த ஆய்வு 2004இல் உலக வங்கி ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, சரியாகப் போட்டால் பணம் என்றார்கள். சாதியை வெளியில் சொல்லாதபோது இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. எல்லோர் முன்னும் சாதியைச் சொன்னதும் நம் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அடுத்ததுதான் முக்கியம்: பரிசைத் தீர்மானிப்பதில் குலுக்கலைக் கொண்டுவந்ததும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். தாழ்வு மனப்பான்மைதான் காரணம் என்றால் குலுக்கல் அதை எப்படிச் சரிசெய்யும்? உழைத்தாலும் இந்த மனிதர்கள் நியாயமாகத் தர மாட்டார்கள் என்று அந்தச் சிறுவர்கள் எதிர்பார்த்தார்கள். அது மனநோய் இல்லை, உலக அனுபவம். நம் பல்கலைக்கழகத் தேர்வுத் தாள்களில் டம்மி நம்பர் போடுவதன் நியாயமும் இதுதான். அகமதிப்பீட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் அந்த மறைப்பு இல்லை. அங்கே முகம் தெரியும், பெயர் தெரியும், ஊர் தெரியும்.

அப்படியானால் நம் சுயம் அவர்கள் கையில்தானா? இல்லை. ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் சுயத்தை இரண்டாகப் பார்த்தார். சமூகம் என்னைப் பார்க்கும் பார்வையால் ஆன பகுதி ஒன்று. அதற்குப் பதில் கொடுக்கும் 'நான்' இன்னொன்று. பள்ளியில் தனிச் சாக்கில் உட்காரவைக்கப்பட்டு, குழாயைத் தொட அனுமதிக்கப்படாத சிறுவன்தான் அம்பேத்கர். அவரே 1927 மார்ச் 20இல் மகாட் சவதார் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். எல்லோருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்த குளம் அது. அன்று அந்த மக்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் தங்களைப் பார்த்தார்கள். 1972இல் பம்பாய் இளைஞர்கள் தங்களைத் 'தலித் சிறுத்தைகள்' என்று அழைத்துக்கொண்டதும் அப்படித்தான். பெயரை மற்றவர்கள் வைக்கும்வரை காத்திருக்காமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

எனவே நாம் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, நிறுவனங்களிடம் கேட்பது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்காதே. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதிக் கொடு. இரண்டாவது, நமக்கான கண்ணாடியை நாமே செய்வது. விடுதியில் வாரம் ஒரு வாசிப்பு வட்டம், முதலாம் ஆண்டு வரும் பிள்ளையைத் தேடிப் போய்ப் பேசும் ஓர் அண்ணன், ஓர் அக்கா போதும், ஆரம்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாதியைச் சொல்லாமல் இருப்பவரை, 'தைரியம் இல்லையா?' என்று நாமே கூசவைக்கக் கூடாது. எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பது அந்தத் தங்கையின் முடிவு. எங்கே இறங்கினாலும் அவள் பயப்படத் தேவையில்லாதபடி செய்வதுதான் நம் வேலை.

ஜெய்பீம்.